ஆர்.ஏ. நெகட்டிவ்னு வந்தாலும் மூட்டு வீங்கும்: சொரியாசிஸ் தோலுக்கும் மூட்டுக்கும் நடுவுல என்ன தேடுதாங்க

பாளையங்கோட்டையில ஒரு லேபுல வேலை பாக்கேன். ருமட்டாய்டுங்கிற மூட்டுவாதம் இருக்கான்னு பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்டு தினமும் போடுதோம். கருப்பு ஸ்லைடுல ஒரு சொட்டு சீரம், பக்கத்துல ஒரு சொட்டு லேட்டக்ஸ் ரீஏஜென்ட், குச்சியால கலக்கி ரெண்டு நிமிஷம் ஸ்லைட சுத்திச் சுத்தி ஆட்டணும், குருணை குருணையா திரண்டு வந்தா பாசிட்டிவ், வெள்ளையா ஒரே சீரா நின்னா நெகட்டிவ். அம்புட்டுதான் டெஸ்டு. அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்ட கையில வாங்கிட்டு "ஏ தாயி, அப்ப எனக்கு வாதம் இல்லியா, பெறவு ஏன் இந்த வெரலு மடங்கவே மாட்டேங்கு"ன்னு கேக்குறவங்கள்ல சில பேரோட முழங்கைய பாத்தா வெள்ளை வெள்ளையா செதில் படிஞ்சு கெடக்கும், தலைமுடி ஓரத்துலயும் இருக்கும், நகத்துல பொடிப்பொடியா குழி விழுந்திருக்கும். தோலுக்கு ஒரு டாக்டர், வெரலுக்கு எலும்பு டாக்டர், குதிகால் வலிக்கு மெடிக்கல்ல மாத்திரைன்னு தனித்தனியா அலைஞ்சிட்டு இருப்பாவ. இது மூணும் ஒரே வியாதியா இருக்கலாம்னு அதுவரைக்கும் அவங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

அந்த வியாதிக்குப் பேரு சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். சொரியாசிஸ்ங்கிற அந்த செதில் தோல் நோய் இருக்குறவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு, சில ஆய்வுகள்ல மூணுல ஒருத்தருக்கு கிட்ட கூட, இது வருது. பெரும்பாலும் தோல்தான் முதல்ல, அதுக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் பத்து வருஷம் கழிச்சு மூட்டு. ஒரு சிலருக்கு ரெண்டும் சேந்தே வரும், இன்னும் சிலருக்கு மூட்டு முந்திக்கும், தோல்ல ஒண்ணுமே இருக்காது, வீட்டுல அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ சொரியாசிஸ் இருந்தது மட்டுந்தான் துப்பு. ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு ஃபிரான்ஸ்ல அலிபெர்ட்னு ஒரு டாக்டர் 1818லயே எழுதி வச்சிட்டாரு. ஆனாலும் ரொம்ப காலம் இத ருமட்டாய்டோட ஒரு வகைன்னுதான் நினைச்சாங்க, 1964லதான் அமெரிக்க மூட்டுநோய் சங்கம் தனி வியாதின்னு ஒத்துக்கிட்டது, 1973ல மோல், ரைட்டுன்னு ரெண்டு பேரு இங்கிலாந்துலருந்து இது எந்தெந்த மாதிரி வரும்னு அஞ்சு வகையா பிரிச்சு எழுதினாங்க. 2006ல காஸ்பர்னு ஒரு மார்க் முறை வந்துச்சு. தோல்ல இப்ப சொரியாசிஸ் இருந்தா ரெண்டு மார்க், நகத்துல குழி இருந்தா ஒண்ணு, வெரல் முழுசா வீங்கியிருந்தா ஒண்ணு, எக்ஸ்ரேயில மூட்டு ஓரமா புது எலும்பு வளந்திருந்தா ஒண்ணு, மூட்டு அழற்சி இருக்குற ஆளுக்கு மொத்தம் மூணு வந்தா இந்த வியாதின்னு வகைப்படுத்தலாம். அதுல ஆர்.ஏ. நெகட்டிவ்னு வந்தா அதுக்கும் ஒரு மார்க் உண்டு. நாங்க கொடுக்குற ரிப்போர்ட்ட பாத்து "ஒண்ணும் இல்ல"ன்னு வீட்டுக்குப் போறாங்களே, அந்த நெகட்டிவே இந்த வியாதிக்கு ஒரு சாட்சிதான், இதத்தான் நான் எல்லார்கிட்டயும் கத்திச் சொல்லணும்னு நினைக்கேன்.

உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்டு எடுத்தா தெரியாதான்னு கேப்பீங்க. இந்த வியாதி இருக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு கிட்ட ரெண்டும் நார்மலா வந்துரும். ருமட்டாய்டுக்கு ஆன்டி சி.சி.பி.ன்னு ஒரு நல்ல டெஸ்டு இருக்கு, இதுக்கு அப்படி ஒண்ணு இன்னும் இல்ல. அதனாலதான் உலகம் பூரா பயோமார்க்கர்னு தேடிட்டு இருக்காங்க, ரத்தத்துலயோ தோல்லயோ மூட்டு நீர்லயோ அளந்து பாக்கக்கூடிய ஒரு அடையாளம். ஒரு பயலுக்கு 25 வயசுல சொரியாசிஸ் வருதுன்னு வச்சுக்குவோம், அவனுக்கு 35ல மூட்டு கெட்டுப் போகுமா போகாதான்னு இன்னைக்கே சொல்ல முடியுமா? மத்த மூட்டுநோய் பலதுல இப்படி கண்ணுக்குத் தெரியுற வாய்ப்பு கெடையாது, இங்க தோல் பல வருஷம் முன்னாடியே வந்து நின்னு சொல்லிருது, அந்த இடைவெளியில பிடிச்சிட்டா மூட்டக் காப்பாத்தலாம். டப்ளின்ல ஒரு ஆஸ்பத்திரியில பாத்ததுல ஆறு மாசம் தாமதமா மூட்டு டாக்டர பாத்தவங்களுக்கே மூட்டுல எலும்பு அரிச்சுப் போறது கூடுதலா இருந்திருக்கு, 2015ல வந்த ஆய்வு அது. வெறும் ஆறு மாசம். நம்ம பக்கத்துல எலும்பு டாக்டர், நாட்டு வைத்தியம், எண்ணெய், கால்சியம் மாத்திரைன்னு சுத்தி வர்றதுக்குள்ள அதவிட பல மடங்கு காலம் போயிருது.

தோலும் மூட்டும் எந்த இடத்துல சந்திக்குதுன்னு கேட்டா நகம்னு சொல்லலாம். வெரலோட கடைசி கணுவுக்கு மேல ஓடுற தசைநார் எலும்புல போய் ஒட்டுதுல்ல, அதோட நாரு அங்கேயே நிக்காம நீண்டு போய் நகத்தோட வேர்ப் பகுதியையும் சுத்திப் பிடிச்சிருக்கு. லீட்ஸ்ல மெக்கோனகல்னு ஒரு டாக்டரும் அவரு கூட இருக்குறவங்களும் இத எம்.ஆர்.ஐ.லயும் திசுவ வெட்டிப் பாத்தும் காட்டினாங்க. தசைநார் எலும்புல ஒட்டுற இடத்துக்கு என்தீசிஸ்னு பேரு, குதிகால், முட்டி, முழங்கைன்னு உடம்பு பூரா இருக்கு. இந்த வியாதி மூட்டு சவ்வுல தொடங்குறத விட அந்த ஒட்டுற இடத்துல தொடங்குதுன்னு 1998லருந்து அவரு சொல்லிட்டு வர்றாரு. நகம் கெட்டவங்களுக்கு மூட்டு கெடுற ஆபத்து கூடங்கிறதுக்கு அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பாத்த கணக்கும் இருக்கு, தலையில சொரியாசிஸ், நகத்துல சொரியாசிஸ், பின்பக்க இடுக்குல சொரியாசிஸ் இந்த மூணும் இருக்குறவங்களுக்கு கூடுதலா வந்துச்சுன்னு 2009ல எழுதினாங்க. ஒரு பைசா செலவில்லாம கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கக்கூடிய மார்க்கர் இது, ஆனா வெக்கப்பட்டு அந்த மூணாவது இடத்த யாரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல.

இன்னொண்ணு, சொரியாசிஸ் இருக்குறவங்களுக்கு தோல்ல கீறல் பட்டா அந்தக் கீறல் மேலயே புதுசா செதில் வரும், கோப்னர்னு ஒரு ஜெர்மன் டாக்டரு பேர்ல சொல்லுவாங்க. அதே மாதிரி உள்ள தசைநார் ஒட்டுற இடத்துல திரும்பத் திரும்ப இழுபட்டா அங்கயும் அழற்சி கிளம்புமாங்கிறதுக்கு பெல்ஜியத்துல எலிய வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க, இந்த நோய் வர்ற மாதிரி உண்டாக்குன எலியோட பின்னங்கால் தரையில படாம தூக்கிக் கட்டிட்டாங்க, பாரம் ஏறாத அந்தக் கால்ல அழற்சி வரல. 2014ல வந்தது. இத வாசிச்சப்ப எனக்கு முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து பீடி சுத்துற அக்காமாரு நெனப்புதான் வந்துச்சு. மடியில சொளவ வச்சிக்கிட்டு இலைய வெட்டி, தூள வச்சி, சுருட்டி, நூல கட்டி, நுனிய வெரல் நகத்தால அமுக்கி மடக்கி, ஆயிரம் பீடி கணக்கு முடியுற வரைக்கும் அந்த ரெண்டு மூணு வெரல் கணுவுலதான் அம்புட்டு வேலையும். பீடியாலதான் இந்த வியாதி வருதுன்னு நான் சொல்லல. ஆனா அவங்க நகம் சொத்தையானா பீடியால, கணு வீங்கினா பீடியால, குனிஞ்சு உக்காந்து இடுப்பு பிடிச்சா அதுவும் பீடியாலன்னு எல்லாத்தையும் தொழில் மேல போட்டுட்டு விட்டுருதாங்க, அதனால உள்ள ஓடுற வியாதி கண்ணுக்குத் தெரியாம போயிருது. 2006ல சிக்குன்குனியா வந்து தமிழ்நாட்டையே படுக்கப் போட்டதுல, அதுக்குப் பிறகு ரொம்ப வருஷத்துக்கு எந்த மூட்டு வலின்னாலும் "அந்தக் காய்ச்சல் விட்டுட்டுப் போன வலி"ன்னு சொல்ற பழக்கமும் ஒட்டிக்கிட்டு.

சரி, ரத்தத்துக்குள்ள வருவோம். முதல்ல ஜீன். ஆறாவது குரோமோசோம்ல எச்.எல்.ஏ.ன்னு ஒரு ஜீன் கூட்டம் இருக்கு, நம்ம உடம்பு எது சொந்தம் எது அந்நியம்னு பாக்குறதுக்கு. அதுல எச்.எல்.ஏ. சி-06:02 வகை இருக்குறவங்களுக்கு சொரியாசிஸ் சின்ன வயசுலயே வரும், தோல்ல கூடுதலாவும் இருக்கும், ஆனா மூட்டு நோய் அவங்களுக்கு லேட்டாத்தான் வருது. எச்.எல்.ஏ. பி-27 வகைன்னா மூட்டு சீக்கிரம், அதுவும் முதுகெலும்பு வரைக்கும் போகலாம். அப்ப ஒரே வியாதின்னு மேல சொன்னேனே, ஜீன் அளவுல பாத்தா தோலுக்கு ஒரு சாய்வும் மூட்டுக்கு வேற ஒரு சாய்வும் இருக்கு. ஐ.எல்.-23 ரிசெப்டர், ஐ.எல்.-12பி, டி.ஒய்.கே.2ன்னு பொதுவா ரெண்டுக்கும் சம்பந்தப்பட்ட ஜீன்களும் இருக்கு. ஜீன வச்சு மட்டும் ஒரு ஆளுக்கு வரும் வராதுன்னு சொல்லவும் முடியாது, பி-27 இருந்தும் ஒண்ணுமே இல்லாம எண்பது வயசு வரைக்கும் வயல்ல நிக்கிற ஆளு எத்தனையோ பேரு.

அடுத்தது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சேதி சொல்ற புரதங்கள். இன்டர்லூகின்-23னு ஒண்ணு, சுருக்கமா ஐ.எல்.-23, 2000லதான் கண்டுபிடிச்சாங்க, அது தூண்டி விட்டா டி செல்னு சொல்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்ல சிலது இன்டர்லூகின்-17னு (ஐ.எல்.-17) இன்னொண்ண கக்கும், அது தோல்ல போனா தோல் செல் தாறுமாறா பெருகி செதிலாகுது, மூட்டுல போனா எலும்பத் தின்னுற செல்ல கிளப்பி விடுது. நம்ம ஊர் ஆளுக்குப் புரியணும்னா தாமிரபரணியும் அதோட கால்வாய்களும்தான், ஒரே ஆத்துத் தண்ணி கன்னடியன் கால்லயும் போகுது, கோடகன் கால்லயும் போகுது. ஆத்த மேலயே அடைச்சா ரெண்டு பக்கமும் வயல் காயணும். அப்படி நினைச்சுத்தான் ஐ.எல்.-23ஐ அடைக்கிற ஊசி மருந்து கொண்டு வந்தாங்க. தோல்ல பாத்தா அற்புதம், பத்து பேருக்குப் போட்டா ஏழு பேரு கிட்டத்தட்ட முழுசா சுத்தமாகுதாங்க. அதே மருந்து மூட்டு நோய்க்குன்னு நடந்த ஆய்வுகள்ல, ஆறு மாச ஊசிக்குப் பிறகு வலியும் வீக்கமும் பாதிக்குப் பாதி குறைஞ்சவங்க பத்துல மூணு பேரு சொச்சந்தான். முதுகெலும்ப மட்டும் பிடிக்கிற ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்ல ஐ.எல்.-23 மருந்து தோத்தே போச்சு, ஆனா ஐ.எல்.-17ஐ அடைக்கிற மருந்து அங்க வேலை செய்யுது. அப்ப இந்தப் பக்கத்து வயலுக்கு ஆத்துத் தண்ணி போக கெணத்துத் தண்ணியும் எங்கேருந்தோ வருதுன்னு அர்த்தம்.

அந்தக் கெணறு எதுன்னு தேடணும்னா ஒரே ஆளோட தோலையும் மூட்டு சவ்வையும் எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். 2015ல அப்படி ஒரு ஆய்வு வந்துச்சு, தோல்ல ஐ.எல்.-17ஓட தடம் அழுத்தமா இருந்துச்சு, மூட்டு சவ்வுல அது லேசாத்தான் இருந்துச்சு, டி.என்.எஃப்.ங்கிற இன்னொரு புரதத்தோட தடம் அங்க நல்லா தெரிஞ்சுச்சு. டி.என்.எஃப்.ஐ அடைக்கிற அடாலிமுமாப், எட்டனர்செப்ட் மாதிரி பழைய ஊசிங்க மூட்டுல ஏன் இன்னும் நின்னு பேசுதுங்கிறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு நினைக்கேன். லண்டன் கிங்ஸ் காலேஜ்ல மூட்டு நீர எடுத்துப் பாத்தப்ப ஐ.எல்.-17 கக்குற சி.டி.-8ங்கிற வகை டி செல் அதுல கூட்டமா இருந்துச்சு, வியாதி எவ்வளவுக்கு தீவிரமோ அவ்வளவுக்கு அது கூடுச்சு, ருமட்டாய்டுக்காரங்க மூட்டுல அப்படி இல்ல. தோல்லயும் இதே மாதிரி சி.டி.-8 செல் மேலடுக்குல குடியிருக்கு. தோல்ல பழகுன செல்லே ரத்தம் வழியா மூட்டுக்கு வந்து இறங்குதா, இல்ல ரெண்டு இடத்துலயும் தனித்தனியா கிளம்புதாங்கிறதுதான் இப்ப பெரிய கேள்வி. இப்பல்லாம் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பிரிச்சு அதுல எந்த ஜீன் ஓடுதுன்னு படிக்கிற சிங்கிள் செல் சீக்வென்சிங் வந்துருச்சு, டி செல்லோட ரிசெப்டர் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும், தோல்லயும் மூட்டுலயும் ஒரே வம்சம் கிடைச்சா வழி தெரிஞ்சிரும். ஆனா அதுக்கு அல்ட்ராசவுண்டுல பாத்துக்கிட்டே மூட்டுக்குள்ள ஊசி விட்டு சவ்வுத் துணுக்கு எடுக்கணும், வலிக்கிற மூட்டுல அதுக்கு சம்மதிச்சு உக்காருற ஒவ்வொரு நோயாளியையும் கையெடுத்துக் கும்பிடணும்.

ரத்தத்துல தேடுன ஆளுங்கள்ல டொராண்டோ குழுவத்தான் முதல்ல சொல்லணும். தாஃப்னா கிளாட்மேன்ங்கிற அம்மா 1978லருந்து இந்த நோய்க்குன்னே கிளினிக் நடத்தி வர்ற நோயாளிய எல்லாம் வருஷக்கணக்கா பின்தொடந்து எழுதி வச்சாங்க, 2006லருந்து மூட்டு நோய் இல்லாத சொரியாசிஸ்காரங்களையும் சேத்து, ரத்தத்த எடுத்து உறைய வச்சு, யாருக்கு மூட்டு வருதுன்னு காத்திருந்தாங்க. அப்படி வந்தவங்களோட பழைய ரத்தத்த எடுத்துப் பாத்ததுல சி.எக்ஸ்.சி.எல்.-10னு ஒரு புரதம் மத்தவங்கள விட கூடுதலா இருந்துச்சு, மூட்டு நோய் வந்த பிறகு அதே ஆளு ரத்தத்துல அது குறைஞ்சிருச்சு. அது டி செல்லக் கூப்பிடுற புரதம். வியாதிக்கு முன்னாடியே ஏறி, வந்த பிறகு இறங்குற ஒண்ண கண்டுபிடிக்கிறதுக்கு இப்படிக் காத்திருந்தாத்தான் முடியும், இன்னைக்கு நோயாளியா வர்றவங்க ரத்தத்த மட்டும் பாத்தா அது தெரிஞ்சே இருக்காது. இது போக எம்.எம்.பி.-3, காம்ப், ஆஸ்டியோபுரோட்டெஜெரின், கால்புரொடெக்டின்னு ஒரு வரிசையே இருக்கு, குருத்தெலும்பு உடையும்போதோ அழற்சி இருக்கும்போதோ ரத்தத்துல கலக்குற சரக்கு.

பெறவு ஏன் இதெல்லாம் என் லேப் மேசைக்கு வரல? கணக்குப் போட்டுப் பாருங்க. டொராண்டோ கணக்குப்படி சொரியாசிஸ் இருக்குற நூறு பேர்ல வருஷத்துக்கு 2.7 பேருக்கு புதுசா மூட்டு நோய் வருது. அப்ப ஆயிரம் பேருக்கு 27 பேரு. ஒரு டெஸ்டு வருது, வரப்போறவங்கள்ல 80 சதவீதம் பேர பிடிக்கும், வராதவங்கள்ல 80 சதவீதம் பேர சரியா நெகட்டிவ்னு சொல்லும்னு வச்சுக்கோங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. 27ல 22 பேர பிடிச்சிரும். ஆனா மீதி 973 பேர்ல 20 சதவீதம், அதாவது 195 பேருக்கு தப்பா பாசிட்டிவ்னு காட்டும். மொத்தம் 217 பாசிட்டிவ், அதுல நிசம் 22, பத்துல ஒண்ணு. மத்த ஒம்பது பேரும் வராத வியாதிக்குப் பயந்து தூக்கம் கெட்டு, வேண்டாத மருந்த சாப்பிட வேண்டியது வரும். அதோட உடம்பு எடை கூடுனாலே சி.ஆர்.பி. ஏறும், தோல்ல செதில் நிறைய இருந்தாலே சில புரதம் ஏறும், சக்கரை இருந்தா ஒரு பக்கம், அப்ப ஏறுனது மூட்டாலயா தோலாலயா தொப்பையாலயான்னு பிரிக்கணும். ஐம்பது பேர்கிட்ட கிடைச்ச முடிவு இன்னொரு ஊர்ல ஐநூறு பேர்கிட்ட போட்டா காணாமப் போறதும் நிறைய நடந்திருக்கு. அதனால ஒரே புரதத்த நம்பாம பல புரதம், ஜீன், நகம், எடை, வலி எல்லாத்தையும் சேத்து ஒரு மதிப்பெண்ணா ஆக்கப் பாக்காங்க.

அந்த அளவுக்கு ஆளு வேணும்ல. ஐரோப்பாவுல ஹிப்போகிரட்டீஸ்னு ஒரு கூட்டு முயற்சி 2021ல ஆரம்பிச்சாங்க, டப்ளின் பல்கலைக்கழக ஆளுங்க முன்ன நின்னு நடத்துறது, சொரியாசிஸ் இருக்குற 25,000 பேர சேத்து வீட்டுலருந்தே கேள்விக்கு பதில் வாங்கி, வெரல் நுனியில குத்துன ரத்தத்த தபால்ல அனுப்பச் சொல்லி, மூணு வருஷம் பின்தொடர்றதுதான் திட்டம். அமெரிக்காவுல ஏ.எம்.பி.ன்னு அரசு ஆராய்ச்சி நிறுவனமும் மருந்துக் கம்பெனிகளும் சேந்த கூட்டணி அதே வருஷம் கிளம்புச்சு, அங்க ஒரு குழு சொரியாசிஸ்காரங்களோட தோலையும் மூட்டு சவ்வையும் சேத்து வச்சு செல் செல்லா படிக்கிறதுக்குன்னே இருக்கு. ரெண்டும் நல்ல முயற்சி, எனக்கு அதுல நம்பிக்கை இருக்கு. ஆனா இதுவரைக்கும் நடந்த பெரிய ஜீன் ஆய்வுகள்ல பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்து ஆளுங்கதான். எச்.எல்.ஏ. வகை ஊருக்கு ஊரு, சாதிக்கு சாதி, சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற பழக்கம் இருக்குற இடத்துல இன்னும் வேற மாதிரி கலந்து கெடக்கும். அங்க சரியா வேலை செய்யுற மதிப்பெண் அம்பாசமுத்திரத்து ஆளுக்கு அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க முடியாது, இங்கயும் போட்டுப் பாத்தாத்தான் உண்டு.

அது வர்ற வரைக்கும் கையில இருக்குறது அஞ்சு கேள்வி. பெஸ்ட்டுன்னு (PEST) ஒரு கேள்வித்தாள், இங்கிலாந்துல செஞ்சது. மூட்டு எப்பவாவது வீங்கியிருக்கா, மூட்டுவாதம்னு எந்த டாக்டராவது சொல்லியிருக்காவளா, கை கால் நகத்துல குழி இருக்கா, குதிகால் வலிச்சிருக்கா, காரணமில்லாம ஒரு வெரல் முழுசா வீங்கி வலிச்சிருக்கா. அஞ்சுல மூணுக்கு ஆமான்னா ருமட்டாலஜி, அதாவது மூட்டுவாத டாக்டர பாக்கணும். காலையில எந்திரிச்சதும் அரை மணி நேரத்துக்கு மேல மூட்டு இறுகிக் கிடந்து, நடக்க நடக்க லேசானா அதையும் சேத்துச் சொல்லுங்க. பெயர் தெரியாத பொடியும் ஊசியும் போட்டு ரெண்டே நாள்ல எல்லாம் பறந்துருச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படணும், சொரியாசிஸ்காரங்களுக்கு அந்த ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தினா உடம்பு பூரா சீழ்க் கொப்புளமா வெடிச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தோட்ரெக்சேட் மாதிரி மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவைதான், தினமும் தெரியாம சாப்பிட்டு ரத்த அணு குறைஞ்சு உயிர விட்டவங்க உண்டு, சீட்டுல எந்தக் கிழமைன்னு எழுதி வாங்கிக்கோங்க. அடாலிமுமாப் மாதிரி ஊசிக்கு 2014 கடைசியிலருந்து நம்ம நாட்டுத் தயாரிப்பும் இருக்கு, வெளிநாட்டு விலைக்கு எவ்வளவோ கம்மி, ஆனா போடுறதுக்கு முன்னாடி டி.பி. இருக்கான்னு பாத்தே ஆகணும், உள்ள தூங்குற டி.பி. கிருமிய அது எழுப்பி விட்டுரும்.

இங்க ஒரு ஆய்வு தொடங்கணும்னா எடுத்த எடுப்புலயே சீக்வென்சிங் மெஷின் வேண்டியதில்ல. தோல் ஓ.பி.யில சொரியாசிஸ் சீட்டு போடும்போதே நகம், தலை, குதிகால், எடை, வீட்டுல யாருக்கு இருக்குங்கிறத தேதியோட ஒரு வரி எழுதணும், சம்மதம் கேட்டு அஞ்சு மில்லி ரத்தம் கூடுதலா எடுத்து, உறைஞ்சதும் தாமதிக்காம சீரத்தப் பிரிச்சு, சின்ன சின்ன குப்பியா பிரிச்சு மைனஸ் 80 டிகிரியில வைக்கணும், ஒரே குப்பியா வச்சா ஒவ்வொரு டெஸ்டுக்கும் உருக்கி உறைய வச்சு புரதம் கெட்டுப் போகும். கரண்டு போனா ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை அதே ஆளக் கூப்பிட்டு அந்த அஞ்சு கேள்வியக் கேட்டு, திரும்ப ரத்தம். ஆளு வேலைக்கு திருப்பூர் கேரளான்னு போயிருவாவ, போன் நம்பர் மாத்திருவாவ, அதனால வீட்டுல இருக்குற இன்னொருத்தர் நம்பரையும் வாங்கி வைக்கணும். இதுல சீரம் பிரிக்கிறதும் குப்பியில லேபிள் ஒட்டுறதும் எங்கள மாதிரி ஆளுங்க வேலை, அதச் செய்ய நாங்க ரெடியாத்தான் இருக்கோம்.